பெடல் தரைக்குப் போன அந்த லேப்: ஒரு பிரேக் ஃபெயிலியரோட முழு நிகழ்வு ஆய்வு

ரேஸ் ட்ராக்கோட மெயின் ஸ்ட்ரெய்ட் முடியப் போகுது, ஸ்பீடு 220, கார்னருக்கு 200 மீட்டர்னு காட்டுற போர்டு தாண்டி கொஞ்ச தூரத்துல வழக்கமா பிரேக் பிடிக்கிற எடம், கால வெச்சேன். பெடல் எப்பவும் நிக்கிற எடத்துல நிக்கல. எதுத்து ஒண்ணுமே இல்லாம வழுக்கிக்கிட்டு கீழ போயி தரையில உக்காந்துருச்சு. வண்டி அதே ஸ்பீடுல போயிட்டு இருக்கு, முன்னாடி 90ல எடுக்க வேண்டிய ரைட் கார்னர்.

இது நடந்து கொஞ்ச மாசம் ஆச்சு. யாருக்கும் அடி இல்ல, வண்டியும் பொழச்சுக்கிச்சு. ஆனா ஏன் நடந்துச்சுன்னு ஒவ்வொண்ணா கழட்டி, டேட்டா பாத்து, ஃப்ளூயிட் சாம்பிள் எடுத்து சோதிச்சு, திரும்ப அதே ட்ராக்குக்கு போயி அதே செஷன ஓட்டிப் பாத்த அப்பறம்தான் எனக்கு முழுசா புரிஞ்சுது. அதான் மொத்தமா எழுதுறேன். ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி ரோட்ல ஓட்டிட்டு அப்பப்ப ட்ராக் டே (நம்ம வண்டிய ரேஸ் ட்ராக்ல ஓட்டுற நாள்) போறவங்க நெறைய பேருக்கு நான் இருந்த அதே நெலமதான்னு நெனைக்கிறேன், அவங்க இத படிச்சா நல்லா இருக்கும்.

வண்டியோட பேரு வேணாம், ஏன்னா தப்பு வண்டி மேல இல்ல. ரெண்டு சீட்டு, எஞ்சின் நடுவுல, 400 குதிரைக்கு மேல, என்னையும் பெட்ரோலையும் சேத்தா 1500 கிலோ பக்கம். பிரேக் டிஸ்க் சாதா காஸ்ட் அயர்ன், கார்பன் செராமிக் கெடையாது, முன்னாடி நாலு பிஸ்டன் காலிப்பர், அதாவது பிரேக் ஃப்ளூயிட்டோட அழுத்தத்துல பிஸ்டன் வெளிய வந்து பேட டிஸ்க் மேல அமுக்குற பாகம். என்கிட்ட வந்து மூணு வருஷம், முன்னாடி ரெண்டு தடவ ட்ராக் போயிருக்கேன், ரெண்டும் மெதுவா ஓட்டின நாள். மத்தபடி எல்லாம் ரோடுதான், வாரத்துல ஒரு நாள் விடியக்காலைல எடுத்துட்டு போவேன். ரோட்ல இந்த வண்டியோட பிரேக் மேல எனக்கு இருந்த நம்பிக்கைய சொல்லி முடியாது. எந்த ஸ்பீடுல தொட்டாலும் செவுத்துல முட்டின மாதிரி நிக்கும். மூணு வருஷத்துல ஒரு தடவ கூட அந்த பெடல் என்ன ஏமாத்தினதில்ல.

அன்னைக்கு என்ன நடந்துச்சு

வெயில் நல்லா அடிச்ச நாள், காத்து 34 டிகிரி. ஒவ்வொரு செஷனும் 20 நிமிஷம். காலைல போன உடனே நான் செஞ்ச முக்கியமான வேலை டயர் பிரஷர். மொத்த கவனமும் அதுல தான் இருந்துச்சு. வீல் நட்ட டார்க் ரெஞ்சு வெச்சு டைட் பண்ணேன், எஞ்சின் ஆயில் பாத்தேன், டயர பாத்தேன். பிரேக் ஃப்ளூயிட் டப்பாவ வெளிய இருந்து எட்டிப் பாத்தேன், மேக்ஸ் கோடு வரைக்கும் இருந்துச்சு, மூடிட்டேன். அந்த ஒரு பார்வை எவ்வளவு பெரிய பொய்ய சொல்லுச்சுன்னு கீழ வருது.

மொத செஷன் அமைதியா போச்சு. ரெண்டாவது செஷன்ல எனக்கு முன்னாடி ஒரு வேகமான வண்டி, நல்லா ஓட்டுற ஆளு, அவர் பின்னாடியே போயி நானும் என் வேகத்துக்கு மேல ஓட்ட ஆரம்பிச்சேன். கடைசி ரெண்டு லேப்ல பெடல் கொஞ்சம் நீளமான மாதிரி தெரிஞ்சுது, ஒரு அரை இன்ச் இருக்கும், அதுக்கு மேல போனா பிடிக்குது. நான் கெர்ப் (ட்ராக் ஓரத்து மேடு) மேல ஏறி இறங்கி ஓட்டிட்டு இருந்ததால நாக்பேக்னு நெனச்சுக்கிட்டேன். நாக்பேக்னா, கெர்ப்ல வீல் அடி வாங்கறப்ப ஹப் லேசா வளைஞ்சு டிஸ்க் பேட பின்னாடி தள்ளி விட்டுரும், அடுத்த தடவ பிரேக் பிடிக்கறப்ப அந்த இடைவெளிய நிரப்ப பெடல் கூடுதலா போகும். அது நெஜமாவே நடக்கிற விஷயம், அதனால தான் என் மனசு அத டக்குனு ஏத்துக்கிச்சு.

செஷன் முடிஞ்சுதுன்னு செக்கர்ட் ஃப்ளாக் விழுந்துச்சு. கூல் டவுன் லேப் (வண்டிய ஆற விட மெதுவா ஓட்டுற கடைசி லேப்) ஒழுங்கா ஓட்டல. பாதி லேப் வரைக்கும் அதே வேகத்துல வந்து, கடைசில மட்டும் கொறச்சு, நேரா பிட்டுக்குள்ள வந்து நிறுத்தி, ஹேண்ட்பிரேக் இழுத்து விட்டு எறங்கிட்டேன். பத்து நிமிஷம் கழிச்சு சந்தேகத்துக்கு உள்ள உக்காந்து பெடல அமுக்கிப் பாத்தேன். கல்லு மாதிரி இருந்துச்சு. சரி, ஒண்ணும் இல்லன்னு முடிவு பண்ணிட்டேன்.

இந்த எடத்துல கொஞ்சம் நிக்கணும், ஏன்னா மொத்த கேஸும் இங்கதான் இருக்கு. எஞ்சின் ஆஃப்ல இருக்கு. நம்ம கால் அமுக்கறதுக்கு உதவுற பிரேக் பூஸ்டர்ல மிச்சம் இருக்கிற வேக்குவம் ரெண்டு மூணு அமுக்குல தீந்துரும், அப்பறம் அந்த உதவி இல்லாததால பெடல் கல்லு மாதிரி கெட்டியாத்தான் தெரியும், அத வெச்சு பிரேக் நல்லா இருக்குன்னு சொல்ல முடியாது. அது ஒண்ணு. ரெண்டாவது, ஃப்ளூயிட் கொதிச்சு அதுல நீராவி குமிழி வந்திருந்தா, காலிப்பர் ஆறினதும் அந்த ஆவி திரும்ப தண்ணியாயிரும், குமிழி மறைஞ்சுரும், பெடல் பழையபடி வந்துரும். அதாவது கோளாறு சூட்டுல மட்டும் இருக்கு, ஆறின வண்டில அது தெரியவே தெரியாது. நான் சோதிச்சது தப்பான நேரத்துல தப்பான முறையில.

மூணாவது செஷன் அம்பது நிமிஷம் கழிச்சு. மொத மூணு லேப் சூப்பர், நாலாவதுல திரும்ப பெடல் நீளமாச்சு, அடுத்த லேப்ல பாத்துக்கலாம்னு போனேன். அஞ்சாவது லேப்தான் மேல சொன்னது.

அந்த சில நொடிகள்ல நான் செஞ்சது: பெடல வேகமா பம்ப் பண்ணேன், ஒவ்வொரு கியரா எறக்கினேன், ஸ்டியரிங்க நேரா பிடிச்சேன். மொத நாள் பிரீஃபிங்ல சொல்லிக் குடுத்திருந்தாங்க, நிக்காதுன்னு தெரிஞ்சா திருப்பாதே, நேரா போ, ரன் ஆஃப் (கார்னருக்கு வெளிய விட்டிருக்கிற காலி எடம்) அதுக்குத்தான் இருக்குன்னு. கார்னர திருப்ப முயற்சி பண்ணிருந்தா அந்த ஸ்பீடுல நடு எஞ்சின் வண்டி பின்பக்கம் சுத்திக்கிட்டு பக்கவாட்டுல கிராவல்ல விழுந்து உருண்டிருக்கும்னு எனக்கு இன்னைக்கும் தோணுது. மூணாவது பம்ப்ல கொஞ்சம் பிரஷர் ஏறுச்சு. 170க்கு மேல ரோட்ட விட்டு வெளிய போனேன், தார் போட்ட ரன் ஆஃப் தாண்டி கிராவல்ல புதைஞ்சு நின்னுச்சு. கை கால் வெலவெலத்துப் போச்சு. அண்டர் ட்ரே கிழிஞ்சுது, முன் லிப் உடைஞ்சுது, நாலு வீலுக்குள்ளயும் கல்லு. அவ்வளவுதான்.

வண்டிய இழுத்துட்டு வந்த அப்பறம் அங்க இருந்த சீனியர் இன்ஸ்ட்ரக்டர் பக்கத்துல வந்து உக்காந்தாரு.

"தம்பி, மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. பெடல் கல்லா இருந்து வண்டி நிக்கலயா, இல்ல பெடலே போயிருச்சா?"

"போயிருச்சுண்ணே, தரை வரைக்கும்."

"பம்ப் பண்ணப்ப ஏறுச்சா?"

"மூணாவது தடவ கொஞ்சம் ஏறுச்சு."

"அப்ப பேடு மேல பழி போடாதீங்க. ஃப்ளூயிட் எப்ப மாத்துனீங்க?"

எனக்கு பதில் தெரியல. சர்வீஸ் அப்ப மாத்திருப்பாங்கன்னு சொன்னேன். அவர் வேற எதுவும் கேக்கல, தண்ணி குடிக்க சொல்லிட்டு போயிட்டாரு.

கழட்டிப் பாத்ததுல கெடச்சது

அவர் கேட்ட அந்த மொத கேள்வில தான் பாதி ஆய்வு முடிஞ்சுருது. பேடு சூடாயி தன் பிடிமானத்த எழந்தா பெடல் ஒசரத்துல கெட்டியா நிக்கும், நீங்க ரெண்டு கால வெச்சு அமுக்கினாலும் வண்டி நிக்காது. ஃப்ளூயிட் கொதிச்சா பெடல் பஞ்சு மாதிரி ஆயி கீழ போகும். திரவத்த அமுக்க முடியாது, ஆவிய அமுக்க முடியும், நம்ம கால் அமுக்கறதெல்லாம் அந்தக் குமிழிய சின்னதாக்குறதுக்கே செலவாயிரும், பேடுக்கு ஒண்ணும் போயி சேராது. ரெண்டுக்கும் மருந்து வேற வேற, ஆனா நெறைய பேர் ரெண்டையும் பிரேக் ஃபேடுன்னு ஒரே பேர்ல சொல்லிட்டு பெரிய டிஸ்க் வாங்கப் போயிடறாங்க.

இருந்தாலும் மத்த சாத்தியத்தையும் ஒவ்வொண்ணா தள்ளிட்டுத்தான் வந்தேன். லீக் எங்கயும் இல்ல, டப்பால லெவல் எறங்கல. மாஸ்டர் சிலிண்டர் (பெடல் அமுக்கறத ஃப்ளூயிட் பிரஷரா மாத்துற பாகம்) சீல் போயிருந்தா எஞ்சின் ஓடறப்ப பெடல அமுக்கிப் பிடிச்சா மெதுவா கீழ எறங்கும், ஒரு நிமிஷம் பிடிச்சுப் பாத்தேன், அசையல. வீல் பேரிங் ஆட்டம் இல்ல. நாக்பேக்கா இருந்தா கெர்ப் ஏறின அப்பறம் மட்டும் வரணும், ரெண்டாவது பம்ப்லயே முழு பெடல் வந்துரணும், எனக்கு மூணு பம்ப்லயும் பாதிதான் வந்துச்சு.

அப்பறம் ஜிபிஎஸ் லாகர், வண்டியோட எடத்தையும் ஸ்பீடையும் பதிவு பண்ற கருவி. நான் அத லேப் டைம் பாக்க மட்டும் வாங்கினது. ரெண்டாவது செஷனோட டேட்டாவ பாத்தா பிரேக் பிடிக்கறப்ப வர்ற உச்ச ஜி (ஸ்பீடு எவ்வளவு வேகமா கொறையுதுங்கற அளவு) எல்லா லேப்லயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், 1.05ல இருந்து 1.0 வரைக்கும், அத மட்டும் பாத்தா எந்தக் கோளாறும் தெரியாது. ஆனா கால வெச்சதுல இருந்து அந்த உச்சத்த தொட எவ்வளவு நேரம் ஆச்சுன்னு பாத்தேன். ரெண்டாவது லேப்ல 0.4 செகண்டு, கடைசி லேப்ல 0.8. ரெண்டு மடங்கு. மூணாவது செஷன் நாலாவது லேப்ல அது 1.0க்கு மேல போயிருக்கு. 220ல ஒரு செகண்டுக்கு வண்டி 61 மீட்டர் போகும். அஞ்சாவது லேப்ல பெடல் தரையில இருக்கறப்ப பதிவான ஜி 0.2 பக்கம், அது பிரேக் குடுத்ததே இல்ல, காத்தும் எஞ்சினும் சேந்து குடுத்தது. லாகர் வெச்சிருக்கவங்க இந்த ஏறுற நேரத்த தயவு செஞ்சு பாருங்க, எனக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே எச்சரிக்கை எழுதியே இருந்துச்சு, நான் தான் படிக்கல.

ஃப்ளூயிட் விஷயத்துக்கு வர்றேன். சர்வீஸ் பில்ல எடுத்துப் பாத்தேன், பிரேக் ஃப்ளூயிட்னு எழுதி பக்கத்துல 'செக்டு'ன்னு இருக்கு. மாத்தினதுன்னு நான் ரெண்டு வருஷமா நெனச்சுட்டு இருந்தது அந்த ஒரு வார்த்தைய சரியா படிக்காததால. உண்மைல மாத்தி 26 மாசம். டப்பால இருந்தும், முன் இடது காலிப்பர் ப்ளீடர்ல (ஃப்ளூயிட்ட வெளிய எடுக்கிற திருகு) இருந்தும் தனித்தனியா சாம்பிள் எடுத்து, கொதிநிலைய அளக்கிற டெஸ்டர்ல வெச்சோம். டப்பால இருந்தது 190 டிகிரி. காலிப்பர்ல இருந்தது 158. கறுத்த பழுப்பு நெறம்.

ஒரே சிஸ்டத்துல ஏன் இவ்வளவு வித்தியாசம்? பேடு தேயத் தேய பிஸ்டன் வெளிய வரும், டப்பால லெவல் எறங்கும், ஒவ்வொரு தடவையும் அங்க புதுசா ஊத்தி ஊத்தி மேல இருக்கறது மட்டும் ஓரளவு நல்லா இருக்கு, கீழ காலிப்பர்ல இருக்கறது எங்கயும் போகாம அதே எடத்துல கெடந்து சூடு வாங்கிட்டு இருக்கு. டெஸ்ட் ஸ்ட்ரிப் வெச்சு டப்பால மட்டும் தொட்டுப் பாத்து நல்லா இருக்குன்னு சொல்றது இதனால தான் பத்தாது. நான் எட்டிப் பாத்த அந்த மேக்ஸ் கோடும் அப்படித்தான்.

தண்ணி எப்படி உள்ள வருதுன்னு சிலர் கேக்கறாங்க, மூடி டைட்டா தான இருக்குன்னு. நாம ஊத்துற கிளைக்கால் ஈத்தர் வகை ஃப்ளூயிட் காத்துல இருக்கிற ஈரத்த இழுக்குற தன்மை உள்ளது, ரப்பர் ஹோஸ் வழியாவும் டப்பா வழியாவும் கொஞ்சம் கொஞ்சமா ஈரம் ஏறிக்கிட்டே இருக்கும். டாட் 4 தரத்துக்கு புதுசா இருக்கறப்ப கொறஞ்சது 230 டிகிரி கொதிநிலை இருக்கணும், 3.7 சதவீதம் தண்ணி கலந்த நெலமைல 155 இருந்தா போதும்னு தரம் சொல்லுது. டாட் 3க்கு 205, 140. டாட் 5.1க்கு 260, 180. நான் ஓட்டினது அந்த 155க்கு மூணே டிகிரி மேல.

இங்கதான் ஸ்போர்ட்ஸ் கார் வெச்சிருக்கவங்க தனியா மாட்டிக்கிறோம். இந்த 26 மாசத்துல என் வண்டி ஓடினது 9000 கிலோமீட்டர்தான். கம்மியா ஓடின வண்டி, அதனால எல்லாம் புதுசு மாதிரின்னு மனசுல ஒரு கணக்கு. ஃப்ளூயிட்டுக்கு கிலோமீட்டர் தெரியாது, அதுக்கு மாசம்தான் தெரியும். நிக்கிற வண்டிலயும் ஈரம் ஏறும். டயரும் இதே மாதிரிதான், மேல் ரப்பர் நெறைய இருக்கேன்னு பழைய டயரோட ட்ராக்குக்கு வர்றவங்கள நான் பாத்திருக்கேன். 2013ல கலிஃபோர்னியால நடிகர் பால் வாக்கர் இறந்த விபத்துல போலீஸ் விசாரணை ஸ்பீடத்தான் காரணமா சொல்லுச்சு, கூடவே அந்த வண்டியோட டயருக்கு ஒம்போது வயசுன்னும் குறிச்சாங்க. டயர் சைடுல நாலு இலக்கம் இருக்கும், 2419னு இருந்தா 2019ஓட 24ஆவது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போறப்ப ஓடோமீட்டருக்கு முன்னாடி இத பாருங்க.

ரோடு ஏன் இத காட்டிக் குடுக்கல

இந்தக் கணக்க நான் சம்பவத்துக்கு அப்பறம்தான் போட்டேன், போட்டப்ப எனக்கே நம்ப முடியல. 1500 கிலோ வண்டி 100ல இருந்து முழுசா நிக்க பிரேக் விழுங்க வேண்டிய சக்தி 580 கிலோஜூல் பக்கம். ரோட்ல நம்ம வாழ்க்கைல பிடிக்கிற மோசமான பிரேக் அதுதான், அதுவும் மாசத்துல ஒரு தடவ வந்தா பெருசு. 220ல இருந்து 90க்கு கொறைக்க 2300 கிலோஜூல், அதாவது அந்த மாதிரி நாலு எமர்ஜென்சி பிரேக்க ஒண்ணா சேத்த மாதிரி, அதுவும் நாலு செகண்டுக்குள்ள. அந்த ட்ராக்ல இது போக 160ல இருந்து 90க்கு வர்ற பிரேக்கிங் இன்னும் மூணு. எல்லாம் சேத்தா ஒரு லேப்புக்கு 5300, ஒரு லேப் 110 செகண்டு. காத்து எடுத்துக்கறத விட்டுட்டு பாத்தாலே சராசரியா 40 கிலோவாட்டுக்கு மேல, ஒரு கிலோவாட் ஹீட்டர் நாப்பது எண்ணத்த நாலு வீலுக்குள்ள வெச்சு 20 நிமிஷம் ஓட விட்ட மாதிரி. அதுல பெரும்பகுதி முன் ரெண்டு வீலுக்கு போகுது.

ரோட்ல அந்த பெடல் மூணு வருஷம் என்ன ஏமாத்தலன்னு சொன்னேன்ல, அதுக்கு அந்த மூணு வருஷமும் யாரும் பரீட்சையே வைக்கல. ரோட்ல இதுக்கு கொஞ்சமாவது பக்கத்துல வர்றது நீளமான மலை எறக்கம் மட்டும்தான், அங்க கியர கொறச்சு எஞ்சின வெச்சு எறங்கணும்ங்கறதுக்கும் இதே சூடுதான் காரணம். மத்தபடி இந்த மாதிரி வண்டி மூணாவது கியர்லயே எந்த ஸ்பீடு லிமிட்டையும் தாண்டிரும், ரோட்ல அத வெச்சு வண்டியோட எல்லைய தெரிஞ்சுக்க முடியாது, தெரிஞ்சுக்க முயற்சியும் பண்ணக் கூடாது. அங்க எதிர்ல வர்றவருக்கு ரன் ஆஃப் இல்ல.

இந்த சூட்டோட சண்டை ரேஸிங்ல ரொம்ப பழசு. 1953ல லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸ்ல ஜாகுவார் சி டைப் டிஸ்க் பிரேக்கோட வந்து ஜெயிச்சதுக்கு முக்கியமான காரணம், ஆறு கிலோமீட்டர் பக்கம் நீளமான முல்சான் ஸ்ட்ரெய்ட் முடிவுல ட்ரம் பிரேக் வெச்சவங்க சீக்கிரமே கால எடுக்க வேண்டி இருந்துச்சு, இவங்க தள்ளிப் போயி பிடிக்க முடிஞ்சுது. டிஸ்க்கு திறந்த எடத்துல இருக்கு, காத்து படுது, ஆறுது. ஆனா அந்த சூடு பேடு வழியா பிஸ்டனுக்கும் பிஸ்டன் வழியா ஃப்ளூயிட்டுக்கும் போறத டிஸ்க் தடுக்காது.

கூட சேந்த மத்த காரணங்கள்

ஃப்ளூயிட் தான் மூலம், ஆனா தனியா அதுவே இத செஞ்சிருக்காது. பேடு புதுசுல 11 மில்லிமீட்டர், அன்னைக்கு 5 மில்லிமீட்டர் மிச்சம். பாதி தேஞ்ச பேடுதானன்னு விட்டேன், ரோட்டுக்கு அது தாராளம். ஆனா டிஸ்க்குக்கும் பிஸ்டனுக்கும் நடுவுல இருக்கிற ஒரே தடுப்பு அந்த பேடுதான், அது மெலிஞ்சா சூடு சீக்கிரம் கடக்கும். அதனால இப்ப நான் பாதிக்கு கீழ போன பேடோட ட்ராக்குக்கு போறதில்ல.

பின்னாடி பேடு முன்னாடிய விட அதிகமா தேஞ்சிருந்துச்சு, இது எனக்கு ரொம்ப நேரம் புரியல. ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல ரோடு மோட்லயே விட்டு ஓட்டினேன், கார்னர்ல இருந்து வெளிய வர்றப்ப எல்லாம் அந்த மஞ்ச லைட் சிமிட்டிட்டே இருந்துச்சு. அந்த லைட் ஒவ்வொரு தடவ சிமிட்டும்போதும் வண்டி தானா ஏதாவது ஒரு வீலோட பிரேக்க பிடிக்குது, என் கால் ஆக்ஸிலேட்டர்ல இருக்கறப்ப. நான் ஸ்ட்ரெய்ட்ல பிரேக் ஆறுதுன்னு நெனச்ச நேரம் கொஞ்சம் அப்படி போயிருக்கு. இதுக்கு மருந்து அத ஆஃப் பண்றது இல்ல. லைட் எரியாம ஓட்ட கத்துக்கறதுதான். ட்ராக் மோட் இருந்தா அதுக்கு மாத்தலாம், முழுசா ஆஃப் பண்றத நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அப்பறம் என்னோட பிரேக் பிடிக்கிற முறை. பயத்துல சீக்கிரமா ஆரம்பிச்சு, லேசா, நீளமா இழுத்துட்டு போவேன். விழுங்க வேண்டிய சக்தி என்னவோ ஒண்ணுதான், ஆனா பேடு டிஸ்க்க தொட்டுக்கிட்டே இருக்கிற நேரம் கூடுது, ஆற கெடைக்கிற நேரம் கொறையுது. உறுதியா, நேர் கோட்டுல, ஒரே தடவைல பிடிச்சு விட்டுரணும்னு இன்ஸ்ட்ரக்டர் சொன்னது ஸ்பீடுக்காக மட்டும் இல்ல.

கூல் டவுன் லேப் பத்தி தனியா சொல்லியே ஆகணும். ஓடிட்டு இருக்கறப்ப டிஸ்க்குல காத்து படுது. நிறுத்தின உடனே காத்து நிக்குது, ஆனா டிஸ்க்ல நூத்துக்கணக்கான டிகிரி இன்னும் இருக்கு, அது எங்கயாவது போயித்தான் ஆகணும், காலிப்பருக்குள்ள போகுது. அதனால வண்டி நின்ன அப்பறம் ஃப்ளூயிட்டோட சூடு இன்னும் ஏறும். ரெண்டாவது செஷன் முடிவுல நான் நிறுத்தி வெச்சப்பதான் அது மோசமா கொதிச்சிருக்கணும்னு நெனைக்கிறேன். ஹேண்ட்பிரேக் வேற இழுத்து விட்டேன், சூட்டோட பேடு டிஸ்க்க அழுத்திட்டே நின்னா அந்த எடத்துல பேடோட பொருள் படிஞ்சு அப்பறம் பிரேக் பிடிக்கறப்ப அதிரும், எனக்கு ரியர்ல அதுவும் வந்துச்சு. கியர்ல விட்டு வீலுக்கு கட்டை வெச்சா போதும்.

என்ன மாத்தினேன், திரும்ப போயி என்ன பாத்தேன்

சுத்தி இருந்தவங்க நெறைய பேர் சொன்னது பெரிய பிரேக் கிட் போடு. நான் போடல, இப்பவும் தேவைன்னு நெனைக்கல. மொதல்ல ஃப்ளூயிட், 300 டிகிரிக்கு மேல கொதிநிலை இருக்கிற ரேஸ் ஃப்ளூயிட். நாலு காலிப்பர்லயும் தெளிவா வர்ற வரைக்கும் ப்ளீட் பண்ணி (பழச வெளியேத்தி), ஏபிஎஸ் யூனிட்டுக்குள்ள சிக்கி இருக்கிற பழசு வர்றதுக்கு ஸ்கேன் டூல் வெச்சு அதோட வால்வ ஓட விட்டு திரும்ப ஒரு தடவ. இதுல ஒரு குழப்பம் வரும், டாட் நம்பர் பெருசா இருந்தா நல்லதுன்னு. ரேஸ் ஃப்ளூயிட் பலதும் டாட் 4 தான். டாட் 5 சிலிக்கோன், அது வேற குடும்பம், மத்ததோட கலக்கவே கூடாது, ஏபிஎஸ் இருக்கிற வண்டிக்கு வேணாம். புது வண்டிங்க சிலதுக்கு ஏபிஎஸ்ஸுக்காக பாகுத்தன்மை கம்மியான டாட் 4 தான் ஊத்தணும்னு மேனுவல்ல இருக்கும், ரேஸ் ஃப்ளூயிட் வாங்கறதுக்கு முன்னாடி அத படிங்க.

அடுத்து ட்ராக் பேடு, பிஸ்டனுக்கும் பேடுக்கும் நடுவுல டைட்டானியம் ஷிம் (மெல்லிய தகடு), ஏன்னா டைட்டானியம் சூட்ட மெதுவாத்தான் கடத்தும். முன் வீலுக்கு காத்து வர்ற டக்ட். இந்த ட்ராக் பேட ரோட்ல விட்டு வெக்கறதில்ல. குளிர்ந்த நெலமைல மொத அமுக்குக்கு பிடிக்கவே பிடிக்காது, காலைல வீட்ட விட்டு வெளிய வந்து மொத சிக்னல்ல அது தெரிஞ்சா ரொம்ப தாமதம். கத்தல், கறுப்பு தூள், டிஸ்க் தேய்மானம் எல்லாம் அதுக்கப்பறம் தான். ஒவ்வொரு தடவையும் போறப்ப மாத்தி வர்றப்ப மாத்துறேன், ஒரு மணி நேர வேலை, மாத்தின ஒவ்வொரு தடவையும் பெட் இன் பண்ணிட்டுத்தான் (பேட டிஸ்க்கோட பழக்கிட்டுத்தான்) ஓட்டுறேன்.

மூணு மாசம் கழிச்சு அதே ட்ராக். காலிப்பர்ல சூடு காட்டுற ஸ்டிக்கர் ஒட்டினேன், எந்த டிகிரி தொட்டுச்சோ அந்தக் கட்டம் கறுத்துரும், திரும்ப வெளுக்காது. டிஸ்க் ஓரத்துல தெர்மல் பெயிண்ட், மூணு கலர், 430, 560, 610 டிகிரில நெறம் மாறும். டயர இந்தத் தடவ கணக்குப் போட்டு வெச்சேன், 20 டிகிரில 30 பிஎஸ்ஐ வெச்ச டயர் உள் காத்து 80 டிகிரி ஆனா 39க்கு போயிரும், அதனால சூட்டுல அளந்து காத்த எறக்கி, வீட்டுக்கு கெளம்புறதுக்கு முன்னாடி ஆறின டயர்ல திரும்ப ஏத்தினேன். அந்த கடைசி வேலைய மறந்துட்டு காத்து கம்மியான டயரோட ஹைவேல போறவங்க நெறைய.

ரெண்டாவது செஷன் முடிஞ்சு பாத்தா டிஸ்க்ல 430 மாறிருச்சு, 560 மாறல. பிட்ல நிறுத்தி கால் மணி நேரம் கழிச்சு காலிப்பர் ஸ்டிக்கர பாத்தேன், 200 கட்டம் கறுத்துருந்துச்சு, 210 வெள்ளையா இருந்துச்சு. நெதானமா யோசிங்க, டக்ட் போட்டு, தடியான புது பேடு போட்டு, டைட்டானியம் ஷிம் வெச்சு, ஒழுங்கா கூல் டவுன் லேப் ஓட்டி, அப்பறமும் 200. அன்னைக்கு இது எதுவுமே இல்லாம, உள்ள 158ல கொதிக்கிற ஃப்ளூயிட்டோட நான் போயிருக்கேன். அந்த ஸ்டிக்கர் முன்னாடி ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்.

மூணாவது செஷனுக்கு போறப்ப அதே இன்ஸ்ட்ரக்டர் பக்கத்து சீட்டுல. பிட்ட விட்டு வெளிய வந்ததும், "ஸ்ட்ரெய்ட்ல பிரேக்கிங் எடத்துக்கு முன்னாடி இடது கால்ல லேசா ஒரு தட்டு தட்டுங்க, பெடல் இருக்கான்னு பாத்துட்டு போங்க"ன்னாரு. அஞ்சாவது லேப் வந்துச்சு. 220, இடது கால்ல ஒரு தட்டு, பெடல் மேலயே இருக்கு, வலது கால வெச்சேன், நின்னுச்சு. அவர் ஒண்ணும் சொல்லல, கையால அடுத்த கார்னர காட்டினாரு. கடைசி லேப் முழுக்க பெரிய கியர்ல, பிரேக்க தொடாம ஓட்டி வந்து, பேடக்ல (பிட்டுக்கு பின்னாடி வண்டிங்க நிக்கிற எடம்) இன்னும் அஞ்சு நிமிஷம் மெதுவா சுத்திட்டு, கியர்ல விட்டு நிறுத்தினேன். எஞ்சின ஆஃப் பண்றதுக்கு முன்னாடி, சூட்டோட, பெடல அமுக்கிப் பாத்தேன். லாகர்ல அந்த லேப்போட ஏறுற நேரம் 0.4.

ரேஸ் ஃப்ளூயிட்டும் ஈரம் இழுக்கும், அதனால ஒவ்வொரு ட்ராக் டேக்கு முன்னாடியும் காலிப்பர்ல இருந்து கொஞ்சம் ப்ளீட் பண்றேன், வருஷத்துக்கு ஒரு தடவ முழுசா மாத்தறேன். இன்ஷூரன்ஸ் பாலிசிய எடுத்து வரி வரியா படிச்சேன், என்னோடதுல ட்ராக்ல நடக்கறதுக்கு கவர் இல்லன்னு இருந்துச்சு, பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், உங்களோடதையும் பாத்துக்கங்க. டப்பா மூடி மேல ஒரு டேப் ஒட்டி, மாத்தின தேதிய மார்க்கர்ல எழுதி வெச்சிருக்கேன், கிலோமீட்டர எழுதல.